நாலாம் நம்பர் கட்டத்தில் கார் நிற்காது

லைன் கிடைக்காத ஊருக்குப் போய்விட்ட என் ருக்மணி அக்காவுக்கு,

முதலில் சேதி. உங்கள் பாத்தி நிற்கிறது. கடப்பாரையோடு வந்தார்கள், நாலு அடி அடித்தார்கள், திரும்பிப் போனார்கள். அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதி முடித்ததும் நம் பேட்டைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காசில்லாமல் வாசலில் வந்து விழுமே, அதற்குத்தான். நீங்கள் படிக்க முடியாது என்று தெரியும். நம் ஃப்ளாட் சங்கத்துச் செக்ரட்டரி சுந்தரம் சார் படிப்பார். எனக்கு அது போதும்.

படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாதே, அதனால் இரண்டு வார்த்தை. நான் தேசம்மா. ஆற்றோரத்துக் குடிசையில் பிறந்து, தி.நகர் பிளாட்பாரத்தில் சாக்கு விரித்து சோப்பு டப்பா விற்று, அப்புறம் வாளி, அப்புறம் குடம் என்று ஏறி, ஒரு பிளாஸ்டிக் சாமான் கடைக்குச் சொந்தக்காரி ஆனவள். ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த வருஷமெல்லாம் எனக்கு நல்ல வியாபாரம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. குடம் விற்றவளும் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியவள்தான். மந்தைவெளியில் எட்டு வீடுகள் உள்ள ஃப்ளாட்டில் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கினேன். எதிர்வீடு உங்களுடையது. டிரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊருக்கு ஊர் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு, முட்டி தேய்ந்து, ஒரே மகன் ரவியை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தீர்கள்.

என் கடை வாளி ஒன்றை நீங்கள் வாங்கிப் பத்து நாளில் அடியில் விரிசல் விட்டுவிட்டது. சண்டைக்கு வரப்போகிறீர்கள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் அந்தப் பச்சை வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து என் வாசலில் வைத்தீர்கள். உள்ளே கொத்தமல்லி தளதளவென்று நின்றது. "உன் வாளி தண்ணிக்கு ஆகாதுடி தேசம்மா. கொத்தமல்லிக்கு பேஷா இருக்கு. இதே மாதிரி விரிசல் விட்டது இன்னும் நாலு இருந்தா குடு" என்றீர்கள். இப்படி ஒரு புகாரை என் வியாபாரத்தில் நான் கேட்டதில்லை.

அன்றைக்கு உங்களை மாமி என்றுதான் கூப்பிட்டேன். "மாமின்னு கூப்பிட்டா ஒரு கை தூரம் தள்ளி நிக்கறாப்ல இருக்கு. அக்கான்னு கூப்பிடு" என்றீர்கள். நான் எந்த இடத்தில் பிறந்தவள் என்று தெரிந்துதான் சொன்னீர்கள். பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி நாம் பேசவில்லை. பேச வேண்டிய வேலை வேறு இருந்தது.

ஃப்ளாட்டில் வீட்டுக்கு ஒரு கார் கட்டம். மஞ்சள் பெயின்டில் கோடு போட்டு நம்பர் எழுதியிருந்தார்கள். எனக்கு மூன்று, உங்களுக்கு நாலு. நம் இருவரிடமும் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. இரண்டு கட்டத்திலும் காய்ந்த இலையும் பூனையும்தான் படுத்துக் கிடந்தன. தரையைத் தோண்டிப் பார்த்தோம். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே கட்டடம் கட்டியவன் கொட்டிவிட்டுப் போன செங்கல் துண்டும் சுண்ணாம்பும்தான். "கீழே மண் இல்லேன்னா மேலே கட்டிண்டு மண்ணைக் கொட்டுவோம்" என்றீர்கள். குனிய முடியாத உங்களுக்கு அதுதான் சௌகரியமும்.

அந்தத் திட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நீங்கள் கட்டம் போட்ட தாளில் வரைந்தது தோட்டம் மாதிரியா இருந்தது? டெலிபோன் போர்டு மாதிரி இருந்தது. நாலடிக்கு மேல் அகலம் கூடாது என்றீர்கள், ஏனென்றால் ஒரு பக்கம் உட்கார்ந்தால் கை இரண்டடிதான் எட்டும். "எட்டாத ஓட்டை ஒண்ணு இருந்தாலும் அந்த போர்டு தண்டம்டி. எழுந்து நின்னு கையை நீட்டினா முதுகு போயிடும்." உயரத்துக்கு உங்களை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் கடை வாளிகளைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். பெரிய வாளி ஒன்று, அதன்மேல் சின்னது ஒன்று. உங்கள் முழங்கை அதில் சொகுசாகப் படிந்தது. அந்த உயரம்தான் பாத்தியின் உயரம். எந்த எஞ்சினீயர் இப்படி அளப்பான்?

மேஸ்திரி ஏழுமலையைக் கூப்பிட்டேன். தண்ணீர்த் தொட்டி கட்டுவதில் மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு மிஞ்சி ஆள் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. இரண்டு கட்டத்திலும் செங்கல் வைத்து, உள்ளேயும் வெளியேயும் பூசி, தரைக்கும் சிமென்ட் போட்டு, ஒழுகாமலிருக்க ஏதோ மருந்தும் கலந்து கட்டினார். கட்டி முடித்ததும் வழக்கப்படி இரண்டிலும் தண்ணீரை நிரப்பினார். இரண்டு நாள் கழித்துக் கரித்துண்டால் போட்ட கோட்டைக் காட்டினார். தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. "பாத்துக்க தேசம்மா. ஒரு சொட்டு போவாது. நூறு வருசம் நிக்கும்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

நாம் என்ன செய்தோம் அக்கா? செடிக்குக் கட்டிய பாத்தியில் ஓட்டை எங்கே என்று கேட்டோமா? கேட்கவில்லை. நீங்கள் கையைத் தட்டினீர்கள். நான் ஏழுமலைக்குச் சொன்னதற்கு மேல் கூலி கொடுத்தேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிடித்த கைகள் நம்முடையவை. ஒழுகாத தொட்டியைப் பார்த்தால் நமக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது? அந்த விரிசல் வாளி அப்போதும் வாசலில்தான் இருந்தது, கொத்தமல்லியோடு. அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அடியில் இளநீர்க் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய மட்டைகளைப் பரப்பினோம். மேலே செம்மண், மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்த மக்கிய எரு, காய்ந்த இலை. ஆடியில் விதைத்தோம். ஒவ்வொரு செடிக்கும் வரிசை நம்பர், இட நம்பர் என்று நீங்கள் தாளில் குறித்தீர்கள். காலையில் கதவைத் திறந்தால் உங்கள் குரல்தான். "தேசம்மா, மூணுல ஏழு பூத்துடுத்து. அஞ்சுல ரெண்டு இன்னும் லைன் கிடைக்கலை." மூன்றாம் வரிசை ஏழாவது கத்தரி பூத்திருக்கிறது, ஐந்தாம் வரிசை இரண்டாவது வெண்டை முளைக்கவில்லை என்று நான் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று.

ஐப்பசி மழை நாலே நாள் பெய்தது. இரண்டு பாத்தியும் குளமாகிவிட்டன. கத்தரி, வெண்டை, தக்காளி எல்லாம் நின்ற இடத்திலேயே அழுகின. நாற்றம் இரண்டாம் மாடிக்குப் போனது. இடித்துத் தள்ளலாம் என்று நான் கத்தினேன். நீங்கள்தான் அந்தப் பச்சை வாளியைத் தூக்கி, அடியில் இருந்த விரிசலுக்குள் விரலை விட்டுக் காட்டினீர்கள். "இதை மறந்துட்டோமேடி."

ஏழுமலையைத் திரும்பக் கூப்பிட்டேன். அடியில் ஓட்டை போடச் சொன்னதும் மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. இரண்டு நாள் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, தான் கட்டியதைத் தானே திட்டிக்கொண்டு ஓட்டை போட்டார். "இன்னா கல்லு இது, இரும்பாட்டம் கீது" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு பாராட்டு வேறு. கடையிலிருந்து குழாய்த் துண்டுகளை அறுத்து ஓட்டைகளில் சொருகினேன். தேங்கி நின்ற தண்ணீர் ஓடியது. நேரே பக்கத்துக் கட்டத்துக்கு ஓடியது. அது ஐந்தாம் நம்பர், செக்ரட்டரி சாருடையது. அன்றைக்குத்தான் அவருடைய புதுக் காரை மாலை போட்டு நிறுத்தியிருந்தார். எலுமிச்சம்பழம் நசுக்கிய டயர் நாலும் சேற்றில்.

அவர் கோபப்பட்டது நியாயம். குழாயை மறுநாளே சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டேன், காரையும் கழுவிக் கொடுத்தேன். ஆனால் அவர் சேற்றைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. "இது ஃப்ளாட்டும்மா, குப்பம் இல்லை" என்றார். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "குப்பத்துல செடி வெக்க எடம் ஏது சார்? கால் நீட்டிப் படுக்கவே எடம் இல்ல. இங்க எடம் கெடச்சிது, வெச்சிக்கினு கீறோம்." நீங்கள் நாற்காலியில் இருந்தபடியே, டிரங்க் காலில் நேரம் முடிந்தால் பேச்சை வெட்டுகிற அதே குரலில், "சுந்தரம், மூணு நிமிஷம் ஆயிடுத்து" என்றீர்கள். அவர் மாடிக்குப் போய்விட்டார். அந்தக் குரலை நான் எங்கே போய் வாங்குவேன்?

அப்புறம் இரண்டு வருஷம் அந்தப் பாத்திகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் நாலாம் நம்பரில் நாள் முழுக்க வெயில். கத்தரியும் வெண்டையும் மிளகாயும் போட்டி போட்டுக் காய்த்தன. என் மூன்றாம் நம்பர் வேப்ப மர நிழலில் இருந்ததால் புதினாவும் முளைக்கீரையும்தான் வந்தன. "வியாபாரி நீ, வெயில் இல்லாத இடத்தை வாங்கி ஏமாந்துட்டியே" என்று கிண்டல் செய்தீர்கள். உங்கள் வெண்டை என் குழம்புக்கு வந்தது. என் புதினா உங்கள் சமையல்கட்டுக்குள் போனது.

போன ஆவணியில் நீங்கள் போனீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "ஆறாம் வரிசைக்குத் தண்ணி விட்டுடு" என்றீர்கள். எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். விட்டேன் அக்கா. இந்தப் பத்து மாதமாக ஆறாம் வரிசைக்கும் விட்டேன், மற்றதுக்கும் விட்டேன். சாவு நடந்த வீட்டில் ஒரு வருஷம் புதுசாக எதுவும் நடக்கூடாது என்று சிலர் சொன்னார்கள். கத்தரிக்காய் துக்கம் கேட்டுவிட்டா காய்க்கிறது என்று கேட்டுவிட்டு நட்டேன்.

நீங்கள் போன பிறகு ஊர்ப்பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். என் கடைப் பலகையில் இங்கிலீஷில் இருந்த மெட்ராஸை அழித்துச் சென்னை என்று எழுதினேன். டிரங்க் கால் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு பூத். அவனவனே நம்பரைச் சுழற்றி அமெரிக்காவோடு பேசிக்கொள்கிறான். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரவி வீட்டை விற்பதாக முடிவு செய்தார். அவர் வீடு, அவர் முடிவு. நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குள் சுந்தரம் சார் இரண்டாவது கார் வாங்கிவிட்டார். ஐந்துக்குப் பக்கத்திலேயே நாலு இருந்தால் இரண்டு காரும் ஜோடியாக நிற்கும். வீடு விற்கிற வரைக்கும் நாலை நான் வைத்துக்கொள்கிறேன், தொட்டியை என் செலவில் எடுத்துவிடுகிறேன் என்று ரவிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். ரவியும் சரி என்றுவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், உங்கள் பாத்திக்குப் பக்கத்தில் இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு நிற்கிறார்கள். நாலு அடி அடித்திருக்கிறார்கள். எட்டணா அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒருவர் கையை உதறிக்கொண்டு, "இன்னாம்மா இது, தொட்டியா கோட்டையா? கையெல்லாம் அதிருது" என்றார். அந்த நிமிஷம் ஏழுமலையை நான் மனசார வாழ்த்தினேன். எந்தத் தப்புக்காக அவரைத் திட்டினேனோ, அந்தத் தப்புதான் எனக்கு அரை மணி நேரம் வாங்கிக் கொடுத்தது.

உங்கள் நாற்காலியை எடுத்து வந்து போட்டு, முழங்கையைப் பாத்தி மேல் வைத்து உட்கார்ந்தேன். "அடிங்கப்பா. நீங்க கூலிக்கு வந்தவங்கோ, உங்க மேல கோவம் இல்ல. ஆனா நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோர் கேட்டார்கள், கொடுத்தேன். மிஷின் இல்லாமல் இது ஆகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் சுந்தரம் சார் இறங்கி வந்தார். "உனக்கு என்னம்மா உரிமை? கட்டம் ரவியோடது. ரவி எனக்குக் குடுத்துட்டான். நீ யாரு?" என்றார். அக்கா, அவர் கேட்டதில் பாதி சரி. பத்திரத்தில் நான் யாருமில்லை. சத்தம் போட்டு ஜெயிக்கிற வழக்கு இல்லை இது என்று பிளாட்பாரத்தில் கற்ற புத்தி சொன்னது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய், அழுவதற்குப் பதிலாக யோசித்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு பூத் திறந்ததும் ரவியைக் கூப்பிட்டேன். அங்கே அவர் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த நேரம். எடுத்ததும், "ஆன்ட்டி, அம்மாவே இல்லை. இனிமே அந்தத் தொட்டி யாருக்கு?" என்று கேட்டார்.

"தம்பி, நான் தருமம் கேக்க வரல. சரக்குக்குச் சரக்கு. என் மூணாம் நம்பர எடுத்துக்கோ, உன் நாலாம் நம்பர எனக்குக் குடு. பத்திரத்துல மாத்தி எழுதிக்கலாம். மூணுல மரத்து நெழல் கீது, கேட்டுக்கும் கிட்ட. வண்டி காயாது. உன் வீட்ட வாங்கறவனுக்கு அதான் லாபம். நாலுல வெயிலு. அது செடிக்குத்தான் லாயக்கு" என்றேன்.

பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரவி கேட்டார்: "ஆன்ட்டி, அம்மா லெட்டர்ல மூணுல ஏழு, அஞ்சுல ரெண்டுன்னு நம்பரா எழுதுவா. பழைய வேலை ஞாபகத்துல குழம்பிப் போயிட்டான்னு நெனச்சேன். டாக்டர்கிட்டகூடக் கேட்டேன்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. முப்பது வருஷம் ஒரு நம்பர் தப்பாமல் இணைத்த பொம்பளைக்கா மூளை குழம்பும்? "உங்கம்மா குழம்பல தம்பி. அது கத்தரிக்கா" என்றேன். வரிசை வரிசையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுதாரா, ஜலதோஷமா, நான் கேட்கவில்லை. "மாத்திக்கோங்கோ ஆன்ட்டி. பேப்பர் அனுப்பறேன்" என்றார். அவர் வாயில் அப்போதுதான் உங்கள் பேச்சு வந்தது.

பேப்பர் வந்தது, கையெழுத்தும் ஆயிற்று. இனி நடந்ததையும் கேளுங்கள். என் பாத்தியை நானே இடித்தேன். ஏழுமலை மூன்று நாள் உட்கார்ந்து உடைத்தார். இடிக்கிற ஒவ்வொரு கல்லையும் எடுத்துக் காட்டி, தன் கை வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். அந்த மண்ணை உங்கள் பாத்தியில் கொட்டி ஒரு வரிசை செங்கல் ஏற்றிவிடலாம் என்றார். விடவில்லை. பெரிய வாளி ஒன்று, சின்ன வாளி ஒன்று. அந்த உயரம் மாறக்கூடாது. என் மண் இப்போது கடையில் விலை போகாத விரிசல் வாளிகளில், என் ஜன்னல் ஓரத்தில் புதினாவோடு இருக்கிறது.

மூன்றாம் நம்பரில் இப்போது சுந்தரம் சாரின் இரண்டாவது கார் நிற்கிறது, ரவி அனுமதியோடு. நிற்கட்டும். அடுத்த கூட்டத்தில் கார் கட்டத்தில் எதுவும் கட்டியிருக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம். சார், படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். கொண்டு வாருங்கள். நானும் வருவேன். எட்டு வீட்டில் ஐந்து வீட்டுக்கு வாரா வாரம் வெண்டைக்காய் போகிறது. கையைத் தூக்குகிற நேரத்தில் அவர்களுக்கும் அது ஞாபகம் வரும். மிஷின் கொண்டு வந்தால் நாற்காலியோடு உட்கார்ந்திருப்பேன். என்னை நகர்த்துவது ஏழுமலை பூச்சை உடைப்பதைவிடக் கஷ்டம்.

ஆடி பிறந்துவிட்டது அக்கா. உங்கள் தாளை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் வரிசையில் மட்டும் ஒன்றும் எழுதாமல் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறீர்கள். என்ன நினைத்து விட்டுவைத்தீர்கள்? பாகலா, பீர்க்கனா? எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் வழியில்லை. இந்த வருஷம் அதில் கொத்தமல்லி தூவியிருக்கிறேன். தப்பென்றால் கனவில் வந்து திட்டுங்கள்.

எனக்கும் இப்போது முட்டி வலிக்க ஆரம்பித்திருக்கிறது. நேற்று உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து களை எடுத்தேன். இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி. எட்டாத செடி ஒன்றுகூட இல்லை. என் கை எட்டுகிற வரைக்கும் இந்தக் கட்டத்தில் கார் நிற்காது. இது என் வாக்கு. நான் சொன்ன விலையில் என்றைக்காவது இறங்கியிருக்கிறேனா?

ஆறாம் வரிசைக்குத் தண்ணீர் விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
மூன்றாம் நம்பரிலிருந்து நாலாம் நம்பருக்குக் குடிவந்துவிட்ட உங்கள் தங்கச்சி,
தேசம்மா